சைகோன்காரர் இங்கிலீசு படித்தது

— இல்ல ராவுத்தரே. வார்த்தைதான் இங்கிலீசு. உள்ளுக்குள்ள இருக்கிறது பிரெஞ்சு. இன்னொரு தரம் சொல்லுங்க.

— ஐ ஆம் ஒர்க் இன் சைகோன் சின்ஸ் ட்வெல்வ் இயர்ஸ்.

— மறுபடியும் அதேதான்.

— ஓய் ஞானரத்தினம் வாத்தியாரே, இதுல என்ன கோளாறு கண்டீரு? ஊரு இருக்கு, வேலை இருக்கு, பன்னெண்டு வருசம் இருக்கு. இன்னும் என்ன வேணும் அந்தத் துரைக்கு?

— கவனிங்க. திங்கக்கிழமை காலைல பஞ்சு ஆலைல துரை உங்களை நிக்கவச்சு ரெண்டு கேள்வி கேப்பாரு. ராஜபாளையத்துல எம்புட்டு நாளா இருக்கே? இதுக்கு முந்தி எங்க வேலை பாத்தே? ரெண்டுக்கும் தடுமாறாம பதில் வரணும். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற நான்தான் உங்க பேரையும் சொல்லி வச்சிருக்கேன். 'மைதீன் பிச்சைன்னு ஒருத்தர், நல்ல ஆளு, இங்கிலீசு பேசுவாரு'ன்னு.

— பேசுவேன்னா சொன்னீரு?

— சொல்லிட்டேன். கர்த்தர் மன்னிக்கணும்.

— பிரெஞ்சுல இம்புட்டுப் பாடு கிடையாதுவே. 'தெபுயி'ன்னு ஒரு சொல்லு. ஆணி மாதிரி அதை அடிச்சிட்டா எதையும் மாட்டலாம். 'வேலை பாக்கேன், தெபுயி பன்னெண்டு வருசம்.' ஆச்சு. 'வேலை பாக்கேன், தெபுயி ரம்ஜான்.' அதுவும் ஆச்சு.

— முதல்ல அந்த ஆணியைப் பிடுங்குங்க. இங்கிலீசுல அதுக்கு ரெண்டு ஆணி. எத்தனை நாளு, எத்தனை வருசம்னு நீளத்தைச் சொன்னா 'ஃபார்'. தொடங்குன நாளைச் சொன்னா 'சின்ஸ்'.

— எவனுக்கு ஞாபகம் இருக்கும்?

— உங்களுக்கு இருக்கும். பிறந்ததுல இருந்து அதைத்தானே செய்யறீங்க. 'பன்னெண்டு வருசமா', அது ஃபார். 'ரம்ஜான்ல இருந்து', அது சின்ஸ். 'ரம்ஜானா வேலை பாக்கேன்'னு தமிழ்ல சொல்லுவீங்களா?

— சொன்னா பள்ளிவாசல்ல வச்சுச் சிரிச்சிருவானுக.

— அப்ப பிரெஞ்சு வழியாப் போகாதீங்க. தமிழ் வழியாப் போங்க. கிட்டத்துல இருக்கு.

— சரி, வினைக்கு வாரும்.

— 'பாத்துக்கிட்டு இருக்கேன்.' எத்தனை துண்டு? பாத்து, கிட்டு, இருக்கேன். மூணு. இங்கிலீசுலயும் மூணு. ஹேவ், பீன், ஒர்க்கிங். அன்னைக்குத் தொடங்குச்சு, இன்னைக்கும் நடக்குது, நிக்கலை. சொல்லுங்க.

— ஐ ஹேவ் ஒர்க்கிங்.

— பீன் எங்க?

— முழுங்கிட்டேன்.

— துப்புங்க.

— ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங். அலோர்! வந்துட்டுல்லா?

— மச்சான், வாத்தியார்கிட்ட ஒண்ணு கேளுங்க. அடுக்களைக் கூரை ஐப்பசியில இருந்து ஒழுகிக்கிட்டு இருக்கு. அது ஃபாரா, சின்ஸா?

— வாத்தியாரே, உள்ள இருந்து வீட்ல கேக்கா...

— கேட்டுது. கதவுதானே சாத்தியிருக்கு. சின்ஸ்னு சொல்லுங்க.

— மெகராஜு, சின்ஸாம்.

— அப்ப நான் நினைச்சது சரிதான். ரெண்டு ஓடு மாத்தச் சொல்லி அன்னையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேனே, அதுவும் சின்ஸா?

— சின்ஸ்தான். ராவுத்தரே, அக்கா உங்களுக்கு முந்திப் படிச்சுருவாங்க போலிருக்கு.

— அவளுக்கு வாய் சும்மா இருக்காது. ஆனா உம்மகிட்ட நேரே பேசமாட்டா.

— நானும் பாக்கேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து நாப்பது நாளா வண்டி கட்டி வந்துக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை நேரே வந்ததில்ல.

— எங்க வழக்கம் அது. வெளி ஆம்பளைக்குப் போற பேச்சு புருசன் வழியாத்தான் போகணும். நான்தான் அவளுக்குத் தபாலாபீஸ்.

— நல்ல தபாலாபீஸ். முதல் கேள்விக்கு வாங்க. இந்த ஊர்ல எம்புட்டு நாளா இருக்கே?

— ஐ ஹேவ் பீன் லிவிங் இன் ராஜபாளையம் ஃபார் த்ரீ மன்த்ஸ்.

— பிரமாதம். துரை எழுந்து கை கொடுப்பாரு. ஆலைக் கங்காணி சங்கிலிப்பாண்டியை எத்தனை நாளாத் தெரியும்னு கேட்டா?

— ஐ ஹேவ் பீன் நோயிங்...

— அங்கதான் வழுக்கும். தெரியறதுக்கு 'இங்' கிடையாது. பாக்கிறது வேலை, நடக்கிறது வேலை. தெரியறது ஒரு வேலை இல்ல. தெரிஞ்சா தெரிஞ்சதுதான்.

— மச்சான், ஒரு ஆளைத் தெரிஞ்சுக்கிறது வேலை இல்லையாமா? கேளுங்க. எங்க வீட்ல ஒருத்தர் பதினாலு வருசமா அந்த வேலையைத் தொடங்கவே இல்ல.

— என்னைத்தான் சொல்லுதா.

— புரியுது. இதைத் தனியாப் பேசிக்கிடுங்க. ரெண்டாவது கேள்வி. சைகோன்.

— ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் இன் சைகோன் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ். எப்படி? பீனை முழுங்கலை, பாத்தீரா?

— வாக்கியம் சரி. ஆனா சொல்லக்கூடாது.

— என்னவே இது அநியாயம்?

— இன்னமும் அங்க வேலைல இருந்தாத்தான் அப்படிச் சொல்லலாம். விட்டுட்டு வந்தவர் 'ஐ ஒர்க்ட்'னு சொல்லணும். ஒரே துண்டு. முடிஞ்சுது, கதவைப் பூட்டியாச்சு. நீங்க சொல்லுங்க. விட்டாச்சா, இல்லையா?

— ம்.

— ராவுத்தரே?

— அரிசிக் கிட்டங்கி மொசியே, அதான் எங்க பிரெஞ்சு முதலாளி, காகிதம் போட்டிருக்காரு. இந்த மாசக் கடைசியில புதுச்சேரியில கப்பல், அதுல ஏறி வான்னு. உள்ளங்கையில ஒரு பிடி அரிசியை வச்சு ஊதிப் பாத்து, இது ஈர அரிசி, இது போன வருசத்து அரிசின்னு சொல்ல அங்க நான் ஒருத்தன்தான். நான் தலையாட்டினாத்தான் மூட்டை கப்பலேறும்.

— அப்ப விடலை.

— விட்டாச்சு.

— பஞ்சைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?

— வெள்ளையா இருக்கும்னு தெரியும்.

— பொறவு ஏன் ராவுத்தரே இந்தப் பாடு? அங்க ராசா மாதிரி அரிசி ஊதுறதை விட்டுட்டு இங்க வந்து பஞ்சுத் தூசி திங்கணுமா?

— மெதுவாப் பேசும். உள்ள இருக்கா. எல்லாம் அவளுக்காகத்தான். நிக்காஹ் ஆகிப் பதினாலு வருசம். பன்னெண்டு வருசம் நான் அங்க. எங்கம்மா படுக்கையில விழுந்தப்ப பாத்தவ அவ. அம்மா மவுத்தாகி ஏழு மாசம் கழிச்சுத்தான் நான் வந்து இறங்குனேன். ஒரு வார்த்தை கோவிக்கலை. நாலு அடி அடிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனி கடல் தாண்டுறதில்லன்னு.

— அவங்ககிட்டச் சொன்னீங்களா?

— சொன்னேன். 'ஒனக்காக இங்கயே இருந்திருதேன்'னேன்.

— அதுக்கு?

— 'ஒங்க இஷ்டம்'னா. சந்தோசத்துல பேச்சு வரலை பாவம்.

— நல்ல மனசு உங்களுக்கு. அதையே பாடமா வச்சுக்கிடுவோம், மறக்காது. 'என் மனைவி பன்னெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கா.' சொல்லுங்க.

— மை வைஃப் ஹேஸ் பீன் வெயிட்டிங் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்.

— ஒரு பிசிறு இல்ல! ஆனா...

— இதுலயும் ஆனாவா?

— நீங்கதான் வந்து சேந்துட்டீங்களே. காத்திருந்தது முடிஞ்சு போச்சு. அதனால 'ஹேஸ்' வராது, 'ஹேட்' வரும்.

— மச்சான், கேளுங்க. முடிஞ்சுபோச்சுன்னு அவருக்கு யாரு சொன்னா?

— வாத்தியாரே, உமக்கு யாரு...

— நீங்கதானே சொன்னீங்க! முடியலையான்னு அவங்ககிட்டயே கேளுங்க.

— மெகராஜு, முடியலையா? நான்தான் குத்துக்கல்லு மாதிரி இங்க ஒக்காந்திருக்கேனே.

— நீங்க வாறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்னு நான் எப்பச் சொன்னேன்?

— வேற எதுக்குக் காத்திருந்தே?

— யோசிங்க.

— ஏட்டி, விளையாடாதே. வேற எதுக்கு?

— ஞானரத்தினம் தம்பி, ஒங்ககிட்டயே நேரே சொல்லுதேன். இவுக வழியாச் சொன்னா பாதியில கொட்டிப்போகுது.

— சொல்லுங்கக்கா.

— வழக்கம், வழக்கம்! மெகராஜு!

— செத்த நேரம் வழக்கம் வெளியில நிக்கட்டும். தம்பி, இவுக ஒவ்வொரு காகிதத்துலயும் அந்த ஊரு ஆத்தைப் பத்தி எழுதுவாக. படகுலயே கடையாம், படகுலயே அடுப்பாம், துடுப்பு போடுறது பொம்பளையாம், தலையில ஓலைத் தொப்பியாம். அங்க பள்ளிவாசல் தெருவுல கூத்தாநல்லூர்க்காரி ரெண்டு பேரு குடும்பத்தோட இருக்காகன்னும் எழுதுவாக. ஆலிம்சா வீட்டுப் பொண்ணுதான் எனக்குப் படிச்சுக் காட்டும். 'இன்னொரு தரம் படி'ம்பேன். அது சலிச்சுக்கிட்டே படிக்கும்.

— எதுக்கு ரெண்டு தரம்?

— எங்கயாவது ஒரு ஓரத்துல 'நீயும் வாரியா'ன்னு இருந்து, அந்தப் பிள்ளை விட்டுட்டுப் படிச்சிருமோன்னுதான்.

— மெகராஜு...

— இந்தத் தெருவைத் தாண்டி நான் பாத்தது என்ன? ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரு. அதுவும் வண்டிப் படுதா ஓட்டை வழியா. தேரு முழுசாத் தெரியலை. ஒரு சக்கரம் தெரிஞ்சுது.

— ஏன் வாயைத் தொறந்து கேக்கலை நீ?

— மாமி படுக்கையில கெடந்தாக. அவுகளை விட்டுட்டு வாரேன்னு சொல்ல வாய் வருமா? அவுக போனபொறவு, நீங்க வந்து இறங்குன அன்னைக்கு, இப்பக் கேப்பாக, இன்னும் செத்த நேரத்துல கேப்பாகன்னு இருந்தேன். காலைக் கழுவிட்டு வந்து, 'ஒனக்காக இங்கயே இருந்திருதேன்'னுட்டீக.

— நீ சந்தோசப்பட்டேன்னுல்லா நினைச்சேன்!

— எனக்காகப் பஞ்சு ஆலையில நிக்கப்போறேன்னு சொல்லுத ஆம்பளைகிட்ட என்னத்தைச் சொல்ல?

— பதினெட்டு நாளு கடல், மெகராஜு. சுத்தி வர தண்ணி. நம்ம ஊர்ல எவன் பொண்டாட்டியைக் கப்பலேத்தியிருக்கான்?

— அந்தக் கூத்தாநல்லூர்க்காரி ரெண்டு பேரும் நீந்தியா போனாக?

— ராவுத்தரே, என் பாடம் முடிஞ்சுது. இனி அக்காதான் வாத்தியார்.

— நாப்பது நாளாவே! நாப்பது நாளா பீனை முழுங்கிக்கிட்டுக் கெடக்கேன், கோட்டிக்காரன் மாதிரி. இவ கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்கா.

— பாடமும் சேத்துத்தான் கேட்டேன். நல்லாத்தான் சொல்லிக்கொடுக்காரு தம்பி. ஆனா மச்சான், நீங்க இன்னும் கேக்கலை.

— எதை?

— அதைத்தான்.

— வாத்தியார் இருக்காரு.

— இருக்கட்டும். சாட்சி வேணும்.

— நான் வேணும்னா வண்டிகிட்டப் போய் நிக்கேன் ராவுத்தரே.

— வேண்டாம், ஒக்காரும். நீரு போனா எனக்கு இன்னும் வெக்கமா இருக்கும். மெகராஜு.

— ம்.

— நீயும் வாரியா?

— வாரேன்.

— இம்புட்டுத்தானா!

— இம்புட்டுத்தான். இதுக்குத்தான் பன்னெண்டு வருசம்.

— கர்த்தருக்குத் தோத்திரம். இனி திங்கக்கிழமை துரை மூஞ்சியில நான் எப்படி முழிக்க?

— வாத்தியாரே! அல்லாவே, போச்சு! எல்லாம் போச்சு!

— ஏன், இப்ப என்ன?

— மொசியேக்கு நான் பதில் எழுதிட்டேனே! போன மாசமே எழுதிட்டேன். 'நான் வரமாட்டேன், வேற ஆளைப் பாத்துக்கிடுங்க'ன்னு. நல்ல பிரெஞ்சுல, வளைச்சு வளைச்சு, ஒரு பக்கம் முழுக்க. இன்னேரம் அது சைகோனுக்கே போய்ச் சேந்திருக்கும். என் இடத்துல எவனோ அரிசியை ஊதப்போறான்.

— பதறாதீங்க. தபால்ல நீங்களே சேத்தீங்களா?

— இல்ல. தபால்காரர் சமுத்திரம் வந்தா யார் கையிலயாவது கொடுத்து விடுன்னு இவகிட்டத்தான் கொடுத்தேன். என்ன எழுதியிருக்குன்னும் சொல்லித்தான் கொடுத்தேன். மெகராஜு, எங்கிட்ட வாங்கினேல்லா அந்தக் காகிதத்தை?

— வாங்கினேனே. அன்னைக்குக் காலைல ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிச்சீகளே ஒரு கஞ்சி, அது அந்தக் காகிதத்துல பத்தவச்ச அடுப்புல காஞ்சதுதான்.