வாசலில் நிற்கும் வண்டி

பெரியவர்: இந்தக் காலத்துல இருமுறவன் வாயைப் பொத்துறதில்ல. பக்கத்துல உக்காந்தவன்தான் பொத்திக்கணும். எழுந்து வேற பெஞ்சுக்குப் போனா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறான். நல்லா இருக்கு ஞாயம்.

காவலாளி: மொதல்ல உங்க மாஸ்க்கை மூக்குக்கு ஏத்துங்க ஐயா. தாடைக்கு நோய் வராது.

பெரியவர்: மூச்சு முட்டுதும்மா. எனக்கு நோயும் இல்ல.

காவலாளி: காசநோய் ஆராய்ச்சி மையத்துக்கு வர்ற எல்லாரும் மொதல்ல அதைத்தான் சொல்வாங்க. யாரைப் பாக்கணும்?

பெரியவர்: யாரையும் பாக்க வேணாம். வாசலுக்கு ஒரு பொம்பளைய காவல் வெச்சிருக்காங்களே, திருடன் வந்தா என்ன பண்ணுவான்னு யோசிச்சுட்டிருந்தேன்.

காவலாளி: பாவம், மாட்டிக்குவான். ...சுவரைத் தட்டாதீங்க ஐயா.

பெரியவர்: பூச்சு உப்பியிருக்கு. தட்டிக் கேளு, உள்ள காலி. வெளியில மட்டும் பளபளன்னு பெயின்ட்டு.

காவலாளி: கொத்து வேலையா உங்களுக்கு?

பெரியவர்: ஏதோ ஒண்ணு. எல்லா ஜன்னலையும் ஏன் இப்படி ஆன்னு தொறந்து போட்டிருக்கீங்க?

காவலாளி: மூடினா டைரக்டர் மேடம் சும்மா விடமாட்டாங்க. காத்து ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா கிருமியும் நிக்கும்.

பெரியவர்: டைரக்டரா... பேப்பர்ல கிழிகிழின்னு கிழிச்சிருந்தானே, அந்தம்மாவா?

காவலாளி: அவங்கதான்.

பெரியவர்: மேல கூட்டம் நடக்குதாமே. வேலையை விட்டுத் தூக்கறதுக்கு.

காவலாளி: யாரையும் பாக்க வரலன்னீங்க. மேல நடக்கறதெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க.

பெரியவர்: பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க.

காவலாளி: பஸ்ஸுலயா வந்தீங்க? அப்ப வாசல்ல ஒரு சாமான் வண்டி வழிய அடைச்சுட்டு நிக்குதே, அது யாரோடது?

பெரியவர்: எனக்கென்ன தெரியும்? ஏம்மா... இந்த வேலை போனா, குடுத்த குவார்ட்டர்ஸும் போயிடுமா?

காவலாளி: போகும். ஏன், நீங்க குடி வரப்போறீங்களா?

பெரியவர்: சும்மா கேட்டேன். வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டவதானே. போகட்டும்.

காவலாளி: என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?

பெரியவர்: சளி டெஸ்ட்டுல தப்பு. நோயில்லாதவனுக்கெல்லாம் நோயின்னு சொல்லி மாத்திரையை முழுங்க வெச்சிருக்காங்க.

காவலாளி: தப்பு பண்ணது லேப்புல. ஒருத்தருக்குத்தான் நோய். அவரோட சளிக் குழாயில இருந்தது அன்னிக்கு வந்த மத்தவங்க சளியிலயும் கலந்துடுச்சு. யாருக்கும் தெரியல. மேடம் கண்ணுலதான் பட்டுச்சு. ஒரே நாள்ல வந்த எல்லாருக்கும் எப்படிய்யா நோயிருக்கும்னு...

பெரியவர்: கண்ணுல பட்டா கமுக்கமா சரி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே.

காவலாளி: லேப்பைப் பூட்டிச் சாவியைத் தன் பையில போட்டுக்கிட்டாங்க. ஊரைக் கூப்பிட்டு, தப்பு எங்களோடதுன்னு சொன்னாங்க.

பெரியவர்: அதான் கேக்கறேன். எவனாவது தன் தப்பைத் தானே தம்பட்டம் அடிப்பானா? உள்ள வேற ஏதோ இருக்கு. இல்லன்னா அந்தம்மாவுக்குப் பொழைக்கத் தெரியல.

காவலாளி: மேல கூட்டம் போட்டிருக்கற நிர்வாகக் குழுவும் அதைத்தான் சொல்லுது. மையத்தோட பேரே போச்சுன்னு.

பெரியவர்: அவனுங்க சொல்லுவானுங்க. ஏசியில உக்காந்துட்டு...

காவலாளி: இப்ப நீங்க யார் பக்கம் ஐயா?

பெரியவர்: நான் எந்தப் பக்கமும் இல்ல. நீ கதையைச் சொல்லு.

காவலாளி: ஆள் அனுப்பல. போன் பண்ணல. வீடு வீடா அவங்களே போனாங்க. ஒரு வீட்டுல ஒரு பொண்ணு. அதுக்கு நோயின்னு சொன்ன நாள்ல இருந்து தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. பெத்த புள்ளையக் கூட கிட்ட விடல.

பெரியவர்: ம்.

காவலாளி: மேடம் போனதும் மாமியார் நாற்காலி எடுத்துப் போட்டுச்சு. அதுல உக்காரல. அந்தப் பொண்ணு பாயில போய் உக்காந்து, அதோட டம்ளர்லயே தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. வீடே பாத்துட்டு நின்னுச்சு. "இந்தப் பொண்ணுக்கு நோயில்ல. தப்பு எங்களோடது. நோய் இருந்திருந்தாலும் அது தட்டு வழியா வராது"ன்னு சொன்னாங்க.

பெரியவர்: வாய் வெச்சுக் குடிச்சாளா? அண்ணாந்தா?

காவலாளி: வாய் வெச்சு.

பெரியவர்: அவளுக்கு அண்ணாந்து குடிக்க வராது. பொரை ஏறும். ...பொம்பளைங்களுக்கு வராதுன்னு சொல்றேன்.

காவலாளி: எனக்கு வரும்.

பெரியவர்: உனக்கு எல்லாம் வரும். ம், அப்புறம்?

காவலாளி: எப்படி மேடம் உங்களுக்கு இவ்வளவு தைரியம்னு கேட்டதுக்கு, எங்கப்பா ஒரு கொத்தனார்னு சொன்னாங்களாம். கட்டி முடிச்ச தண்ணித் தொட்டியைத் தானே சம்மட்டி எடுத்து இடிச்சாராம். வீட்டுக்காரன் நல்லாத்தானே இருக்குன்னானாம். "உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியுது, கசியும்"னு சொல்லிட்டு இடிச்சாராம்.

பெரியவர்: கசியும்னு யாரு சொன்னா? அடியில கம்பி பத்தல. நிறைச்சா உக்காந்துடும். ஒண்ணைச் சொன்னா ஒழுங்கா சொல்லணும்.

காவலாளி: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

பெரியவர்: தொட்டின்னா அப்படித்தான்னு பொதுவா சொன்னேன்.

காவலாளி: சரிங்க ஐயா. பொதுவா.

பெரியவர்: என்ன சிரிப்பு? போன் அடிக்குது பாரு, எடு.

காவலாளி: ஹலோ... ஆமா, வாசல்லதான்... ஆங்... நிஜமாவா? ...சரி சரி. வெச்சுடறேன்.

பெரியவர்: என்னவாம்? தூக்கிட்டானுங்களா?

காவலாளி: மூச்சு விடுங்க ஐயா. மேடமே இருக்கட்டும்னு முடிவாயிடுச்சு. ஒருத்தர் தவிர எல்லாரும் கை தூக்கினாங்களாம்.

பெரியவர்: எவன் அந்த ஒருத்தன்?

காவலாளி: உக்காருங்க. சொன்னா மாடி ஏறிடுவீங்க. இன்னொண்ணும் இருக்கு. லேப்பை வெளியில இருந்து ஒருத்தர் வந்து எப்பவும் சோதிச்சுக்கிட்டே இருக்கணுமாம். டைரக்டரையே கேள்வி கேக்கலாமாம்.

பெரியவர்: பாத்தியா? வேலையில வெச்ச மாதிரி வெச்சுக் கழுத்துல கயிறு கட்டிட்டானுங்க.

காவலாளி: அதைக் கேட்டு வாங்கினதே மேடம்தான்.

பெரியவர்: தன் தலை மேல தானே ஒருத்தனை ஏத்தி உக்கார வெச்சிருக்காளா?

காவலாளி: என் கண்ணுக்குத் தப்பினது இன்னொருத்தர் கண்ணுல படட்டும்னு சொன்னாங்களாம்.

பெரியவர்: ...திமிரு. அப்படியே அவங்கப்பன் திமிரு.

காவலாளி: அவங்கப்பாவை உங்களுக்குத் தெரியுமா?

பெரியவர்: நீ தெரிஞ்சுதானே கேக்கறே?

காவலாளி: காலையிலயே சொல்லிட்டாங்க ஐயா. "எங்கப்பா வருவார். யாருன்னு சொல்லமாட்டார். சுவரைத் தட்டுவார். மேல விட்டா குழுத் தலைவர் சட்டையைப் பிடிச்சுடுவார். கூட்டம் முடியற வரைக்கும் எதையாவது பேசி உக்கார வெச்சிரு"ன்னு.

பெரியவர்: அதுக்காகத்தான் அந்தப் பாய், டம்ளர் கதையெல்லாம் ஜோடிச்சியா?

காவலாளி: அது கதை இல்ல ஐயா. அந்தப் பாய் என்னோடது. அதுக்கப்புறம்தான் இங்க வேலை கேட்டு வந்தேன். இப்ப என் தட்டுலதான் என் பொண்ணு சாப்பிடுறா.

பெரியவர்: ...சாப்பிடட்டும். நல்லா சாப்பிடட்டும்மா.

காவலாளி: எங்க எழுந்துட்டீங்க? மேடம் இறங்கி வர்றாங்க.

பெரியவர்: வேணாம். பாத்தா, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்ல அப்பான்னு ஆரம்பிப்பா. அதுக்கு எனக்குத் தெம்பில்ல.

காவலாளி: இப்பவாவது நம்பிக்கை வந்துச்சா இல்லையா?

பெரியவர்: யார் மேல? இன்னிக்குக் கை தூக்கினவன் நாளைக்கு இறக்கமாட்டான்னு நீ எழுதிக் குடுப்பியா?

காவலாளி: அப்ப எதுக்கு சிரிக்கிறீங்க?

பெரியவர்: மாஸ்க்குக்குள்ள சிரிக்கிறது உனக்கு எப்படித் தெரியும்?

காவலாளி: அது இன்னும் தாடையிலதான் இருக்கு ஐயா.

பெரியவர்: ...சரி, வழிய விடு. அந்தச் சுவரை உடைச்சுப் பூசச் சொல்லு. உப்பினது உப்பினதுதான்.

காவலாளி: சொல்றேன். போற வழியில அந்தச் சாமான் வண்டிக்காரனையும் எடுக்கச் சொல்லிட்டுப் போங்க.

பெரியவர்: அது எனக்குத்தான் நிக்குது. இந்நேரம் அவ சாமானெல்லாம் ஏறியிருக்கும்னு நெனச்சுக் கூட்டியாந்தேன். என் வீட்டு மாடி ரூமுக்கு அவளுக்காக நேத்துதான் சுண்ணாம்பு அடிச்சேன், இன்னும் காயல... காயட்டும். அதை வேற யாருக்கும் வாடகைக்கு விடறதா இல்ல.