மேட்டுக் காவல்

இரவு ஒரு மணி இருக்கும். வட்டவடைக்கு மேலே, மரம் வெட்டிய காலத்தில் லாரி ஏறிய பழைய ரோடு... பகலிலேயே அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. ரோடு முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில், ஒரு பாறைக்குக் கீழே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

பெயர் சுருளிவேல். என்னோடு மாட்டுப்பட்டிக்கு ஜீப் ஓட்டுகிறானே ஈஸ்வரன், அவனுடைய சித்தப்பா மகன். ஈஸ்வரன் இதைச் சொன்னபோது ஒரு தடவைகூடக் கண் இமைக்கவில்லை. சிரிக்காதே ஜின்சா... முடிந்த பிறகு சிரி. அந்தக் கட்டையைக் கொஞ்சம் தீக்குள் தள்ளு.

சுருளிவேல் பூண்டு போடுகிறவன். இரண்டு வருடம் அடுத்தடுத்து மழை பெய்து பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. வீட்டில் முத்துப்பேச்சி மாசமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய அண்ணன் பெரியமுத்து வந்து தோளில் கை போட்டான்.

"மாப்ள, பூண்டு பூண்டுன்னு எத்தன நாளைக்கு அழுவ? ஒரு தடவ செடி போடுவோம். ஒரே ஒரு தடவ. நான் இருக்கேன்ல."

என்ன செடி என்று உங்களுக்குத் தெரியும். சுருளிவேலுக்கு பீடிப் புகைகூட ஆகாது. கஞ்சா நாற்றைப் பார்த்துச் செண்டுமல்லியா என்று கேட்டானாம், அப்பேர்ப்பட்ட கத்துக்குட்டி. ஆனால் 'நான் இருக்கேன்ல' என்றானே மச்சான், அதை நம்பினான். பெண் கொடுத்த வீட்டுக்காரன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

"முன்னாடி உங்க கூட நல்லதம்பிதான மச்சான் இருந்தான்?" என்று மட்டும் கேட்டான்.

"அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போய்ட்டான். அவனுக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்."

சோலைக்குள் போட்ட செடி இடுப்பளவு வந்தது. மிளா மான் வந்து மேயத் தொடங்கியது. இரவுக் காவல் போட்டார்கள்.

நம் ஊர்த் தோட்டத்தில் காவல் எப்படி? மேட்டில் ஒருவன், பள்ளத்தில் ஒருவன். பள்ளத்தில் இருப்பவன் தகரத்தில் இரண்டு அடி அடிப்பான். மேட்டில் இருப்பவன் பதிலுக்கு இரண்டு. 'முழிச்சிருக்கேன்' என்று அர்த்தம். மூன்று அடித்தால் ஆனை... போட்டது போட்டபடி ஓடு. காட்டுக்குள் தகரம் அடித்தால் ஊருக்குக் கேட்டுவிடும் என்று, கல்லோடு கல்லைத் தட்டுவது என்று பேசிக்கொண்டார்கள்.

"நீ கீழ் வழியா வா, நான் மேல் வழியா வந்துக்கிறேன். ஒரே பக்கம் நடந்தா தடம் விழுந்துரும். என்ன ஆனாலும் எம் பக்கம் ஏறி வந்துராத மாப்ள."

முதல் இரவு. பனியில் கை விறைத்துவிட்டது. செடி வாசம் வேறு மூக்கை அடைத்தது. சுருளிவேல் பயந்து பயந்து தட்டினான். டக்... டக்.

ஒன்றுமில்லை. ஓடைச் சத்தம் மட்டும்.

பிறகு மேட்டிலிருந்து... டக். டக்.

அவனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. கேரட் தோட்டத்தில் மச்சான் தகரம் அடிப்பதை அவன் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறான். முதல் அடி ஓங்கி விழும். இரண்டாவது, கை சலித்துப் போய் நழுவும். ஊரே அதைச் சொல்லிக் கேலி செய்யும். இங்கே இரண்டும் ஒரே அளவாக விழுந்தன. கல்லுக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் இருக்காதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

நாற்பது இரவு. மழை கொட்டிய இரவிலும் பதில் வந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. பகலில் பார்க்கும்போது பெரியமுத்து வாயைப் பிளந்து கொட்டாவி விடுவான். "தூக்கமே இல்ல மாப்ள." இவனுக்கு மனசு உருகிவிடும்.

"எங்கூடப் பொறந்தவன்கூட இப்படி இருக்க மாட்டான் பேச்சி" என்று வீட்டில் போய்ச் சொல்வான்.

அறுவடைக்கு நான்கு நாள் இருந்தது. முதலில் சொன்னேனே, அந்த ஒரு மணி. சுருளிவேல் இரண்டு தட்டினான். மேட்டிலிருந்து இரண்டு வந்தது. அந்தப் பாறைக்கடியில் செல்போனுக்கு ஒரே ஒரு கோடு சிக்னல் வரும், போகும். போன் அதிர்ந்தது. முத்துப்பேச்சி. ரகசியக் குரலில் பேசினாள்.

"ஏங்க... எங்க இருக்கீங்க? அண்ணன் இப்பத்தான் வந்து கதவத் தட்டிட்டுப் போகுது. நீங்க காட்டுலதான இருக்கீங்கன்னு கேட்டுச்சு. ரோட்டுல ஜீப்பு நிக்கிது. காக்கி பேண்ட் போட்ட ஆளுக... எக்ஸைஸ் மாதிரி இருக்குங்க."

"எந்த அண்ணன்?"

"எனக்கு எத்தன அண்ணன்? பெரியமுத்து அண்ணன்தான்!"

அந்த நொடி, மேட்டிலிருந்து... டக். டக்.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம். ஒரு வாரம் முன்னால் பெரியமுத்து செக்போஸ்ட்டில் வேறொரு கஞ்சாச் சாக்கோடு மாட்டியிருக்கிறான். தான் தப்பிக்கத் தங்கச்சி புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டான். அதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவனுக்கு உறைத்தது ஒன்றுதான். மச்சான் காவலுக்கு ஒரு நாளும் வந்ததே இல்லை. அந்தக் கொட்டாவிகூடப் பொய்.

அப்படியானால் இத்தனை நாள் பதில் சொன்னது?

கீழே ஜீப் வெளிச்சம் வளைந்து வளைந்து ஏறியது. மேட்டிலிருந்து மறுபடியும் சத்தம்.

டக். டக். டக்.

மூன்று.

கீழே போக வழியில்லை. சத்தம் வந்த பக்கமே ஏறி ஓடினான். மேட்டில் ஒரு பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அடியில் யாருமில்லை. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தான். மக்கிப்போன கம்பளி. அதற்குள் கம்பளியைவிட மெலிந்த ஏதோ... அதை அவன் சரியாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஓர் ஆதார் கார்டு. படத்தில் நல்லதம்பி. திருப்பூருக்குப் போன நல்லதம்பி.

இரண்டு கற்கள், நடுவில் தேய்ந்து குழிந்து கிடந்தன. தொட்டான். அந்தப் பனியில், இரண்டும் சுடச்சுட இருந்தன.

அதற்கு மேல் இருந்த புதருக்குள் போய் விழுந்தான். கீழே செடி வெட்டும் சத்தம். பிறகு பழகிய குரல். "நான் மேல போய்ப் பாக்குறேன் சார். என் குரலக் கேட்டா வந்துருவான்." ஒரே ஒரு டார்ச் தனியாக ஏறி வந்தது.

"மாப்ள... நான்தான்டா. வாடா. நான் இருக்கேன்ல."

அதே சொல். அதே பாசம். சுருளிவேல் கையைக் கடித்துக்கொண்டு அழுதான்.

பாறைக்கடியிலிருந்து... டக். டக்.

"அங்கதான் இருக்கியா?" பெரியமுத்து குனிந்து உள்ளே போனான்.

சுருளிவேல் கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை... வரவில்லையா, வரவிடவில்லையா, அது அவனுக்குத்தான் வெளிச்சம். ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஈரக் கம்பளி நாற்றம் மட்டும் ஒரு தடவை வந்து போனது. டார்ச் பாறை மேல் கிடந்து விடியும்வரை எரிந்தது.

காலையில் தேடியவர்களுக்கு அந்த டார்ச்சைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. கம்பளி இல்லை, கார்டு இல்லை. சுருளிவேல் வேறு வழியாக வீடு சேர்ந்துவிட்டான். அவனைக் காட்டிற்குள் பார்த்ததாகச் சொல்ல ஆளில்லை. பெரியமுத்து மூஞ்சியைக் காட்ட வெட்கப்பட்டுத் திருப்பூருக்குப் போயிருப்பான் என்று ஊர் சொன்னது.

நல்லதம்பி மனைவி சித்ரா மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். இப்போதும் திருப்பூர் போகிறவர்களிடமெல்லாம் புருஷனை விசாரிக்கச் சொல்லுவாள். சுருளிவேல் தலையை ஆட்டுவான். சொன்னால் தானும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் வாயைத் திறக்கவில்லை. முத்துப்பேச்சி ஒரு மாதம் அண்ணனைத் திட்டித் தீர்த்தாள். பிறகு அவளும் அண்ணன் கூப்பிடுவானா என்று போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

போன மாதம் கேரட் தோட்டத்தில் பன்றி இறங்கியது. சுருளிவேல் தனியாகக் காவலுக்குப் போனான். மேட்டுக் குடிசையில் ஆள் இல்லை. தூக்கக் கலக்கத்தில், பழக்கத்தில், தகரத்தில் இரண்டு அடித்துவிட்டான்.

சோலைக்குள்ளிருந்து கல் சத்தம் வந்தது. டக். டக். ஒரே அளவு.

கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

அதற்கும் கொஞ்சம் மேலேயிருந்து, இன்னொரு கல். முதல் தட்டு ஓங்கி விழுந்தது. இரண்டாவது... கை சலித்து நழுவியது.