எட்டாவது ஃபேடர்

"அந்த சோபாவுல வேண்டாம் மாப்பிள்ளை, ஸ்பிரிங் குத்தும். இந்த நாற்காலிக்கு வாங்க."

"பரவாயில்ல. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"சொல்றேன். உட்காருங்க முதல்ல."

அவர் உட்கார்ந்தார். என் தங்கையின் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், வெளியே நின்றபடி பேச்சுக் கொடுத்துப் பழகியவர். அன்று பிற்பகல் என்னிடமும் அந்தக் குரலில்தான் பேசினார். அவர் மடியில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அது என்னுடையது. தங்கை பாடிய பழைய பதிவுகளைத் திரட்டித் தரமுடியுமா என்று மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தார். நானே தூசி துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். எட்டாவது ஃபேடர் எதற்கு?

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்த அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டின் பின்பக்க அறை. ஜன்னலை அடைத்து, சுவர்களுக்குப் பஞ்சு வைத்து, இரட்டைக் கதவு போட்டு ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருக்கிறேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று பாடுகிற அளவுக்கு இடம். இந்தப் பக்கம் கணினி, அதற்கு முன்னால் கன்ட்ரோல் சர்ஃபேஸ். தங்கை அதைப் பலகை என்பாள். பார்க்க ஏதோ பெரிய வாத்தியம்போல இருக்கும். ஆனால் அதற்குள் பொட்டுச் சத்தம் கிடையாது. சத்தமெல்லாம் கணினியில் இருக்கிறது. பலகை அதற்கு வெறும் கை. மேலும் கீழும் நகர்த்துகிற எட்டு ஃபேடர்கள். எதற்கு என்ன வேலை என்று நாம்தான் சொல்லிவைக்கிறோம். ஒன்றைத் தள்ளினால் வயலின் ஏறும், இன்னொன்றை இழுத்தால் தாளம் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்ன மோட்டார் உண்டு. நம் விரல் செய்ததைக் கணினி எழுதி வைத்துக்கொள்ளும். மறுபடி பாட்டை ஓட்டினால், யாரும் தொடாமலே ஃபேடர்கள் அதேபோல ஏறி இறங்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். "என்ன சார், பேய வேலைக்கு வச்சிருக்கீங்களா?" என்று ஒரு டிரம்ஸ்காரர் கேட்டார்.

ஏழு ஃபேடர்கள் உலகத்தில் எல்லாக் கூடங்களிலும் செய்கிற வேலையைத்தான் செய்தன. எட்டாவது, தங்கையின் ஹெட்போனில் அவளுக்குக் கேட்கும் அவளுடைய குரலின் சுருதி.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க" என்றார் மாப்பிள்ளை.

"பாடுறவங்க தன் குரலை ஹெட்போன்லதான் கேட்டுக்குவாங்க. அதை ஒரு துளி ஏத்தி விட்டா, நாம ஏறிப் பாடுறோம்போலன்னு நினைச்சு அவங்களே இறக்கிக்குவாங்க. பதிவாகுறது அந்த இறங்கின குரல்தான். வெளிய வந்து கேட்டா சுருதி விலகியிருக்கும்."

"எவ்வளவு ஏத்தினீங்க?"

"ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவுல நூறு படின்னு வைங்களேன். பதினஞ்சு படி."

"லிஃப்ட் பதினஞ்சு மில்லிமீட்டர் தள்ளி நின்னாலே ஆள் தடுக்கி விழுந்துருவாங்க" என்றார் அவர். என் வேலையை அவர் புரிந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது.

தங்கையை நான் பொடிசு என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஒரு சாண் உயரம் வளர்ந்த பிறகும் பொடிசுதான். ஒன்பது வயது வித்தியாசம். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்குத் தலைவாரி விட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, கல்யாணத்துக்குப் பந்தியில் ஓடியது எல்லாம் நான்தான். அவள் பாடத் தொடங்கியது இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோன பிறகும் காலை பத்து மணிக்கு வந்துவிடுவாள். வானொலி விளம்பரங்கள், கார்ட்டூன் படங்கள், நட்சத்திரப் பாடகர்களுக்கு முன்மாதிரியாகப் பாடிக் கொடுப்பது என்று வருகிற வேலையெல்லாம் அவள் குரலுக்காக வந்தவை. அதை நான் மறுக்கவில்லை.

பாடி முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு, "ரெண்டாவது வரி திருப்பி எடுக்கணும், மத்தது ஓகே" என்பாள். நான் கேட்டுப் பார்ப்பேன். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அவள் என்னிடம் அபிப்பிராயம் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒரு நாள் ஓர் இசைக்குழுத் தலைவர் வந்தார். அவளை இரண்டு மணி நேரம் பாட வைத்தார். வேறு நாட்டில், வருடம் முழுக்க மேடை, முதன்மைப் பாடகியாக வேண்டும் என்றார். முடிவு சொல்வதற்கு முன் தன் கூட்டாளிகளுக்குப் போட்டுக் காட்ட ஒரே ஒரு பதிவு அனுப்பச் சொன்னார். மாப்பிள்ளையும் அன்றே தயாராகிவிட்டார். "எனக்கென்ன மச்சான், லிஃப்ட் இல்லாத ஊரா?" என்று சிரித்தார். பொடிசு என் தோளில் குத்தி, "நீயும் மூட்டையக் கட்டுண்ணா" என்றாள். அவள் மனமாரத்தான் சொன்னாள். ஆனால் இப்படி ஒரு அறையை மூட்டை கட்ட முடியாது.

அந்த ஒரு பதிவில்தான் முதல்முறை செய்தேன். ஒரே ஒரு பாட்டு. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு விஷயம் முடிந்தது, எல்லாம் பழையபடி இருக்கும் என்று கணக்கிட்டேன். இது ஒன்றும் முரட்டுத்தனமான யோசனை அல்ல.

அவள் பாதியில் நிறுத்தினாள். "என் குரல் என் பக்கத்துல வேற யாரோ மாதிரி நிக்குதுண்ணா."

"தூக்கம் பத்தலையா?" என்றேன்.

"இருக்கும்" என்றாள். மறுபடி பாடினாள்.

குழுத் தலைவர் மரியாதையாக மறுத்து எழுதினார். அவள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பதிவை மறுபடி ஓட்டிக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அவர் சொல்றது சரிதான். நான் விலகித்தான் பாடியிருக்கேன். பாடுறப்போ எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

இங்கேதான் எதிர்பாராத ஒரு சிக்கல். மறுநாளே நான் எட்டாவது ஃபேடரைச் சும்மா விட்டுவிட்டால் அவள் மறுநாளே பிசிறில்லாமல் பாடுவாள். அந்த ஒரு நாள் மட்டும் ஏன் கெட்டது என்று தேடத் தொடங்குவாள். அவள் தேடினால் கண்டுபிடிக்கிற ஆள். ஆகவே அடுத்த நாள் எட்டு படி வைத்தேன். அதற்கடுத்த நாள் ஐந்து. சரியாகிவிட்டது என்று அவள் நம்பத் தொடங்கிய வாரத்தில் குழுத் தலைவர் மறுபடி கடிதம் போட்டார். இன்னொரு பதிவு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். மறுபடி பதினைந்து படிக்கு ஏற்றவேண்டியதாயிற்று. என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நான் போட்ட கதவு என் பக்கமும் பூட்டிக்கொண்டது. பதினான்கு மாதம் அந்த அறைக்குள் அவள் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை.

அந்த மாதங்களில் ஒன்று நடந்தது. அதை மாப்பிள்ளையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னேன். பாடி முடித்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றாமல், கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, "சரியா இருந்துச்சாண்ணா?" என்று கேட்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வரிக்கும் கேட்டாள். நான் தலையசைத்தால் முகம் தெளியும். உதட்டைப் பிதுக்கினால் வாடிவிடும். எந்த வரி நல்லது, எது கெட்டது என்று அவளுக்கு என்னைத் தவிரச் சொல்ல ஆளில்லை. நான் அவளிடம் பொய் சொன்னதில்லை. நல்ல வரியை நல்லது என்றுதான் சொன்னேன். நல்ல வரிகளும் நான் கொடுத்தவைதானே.

"டாக்டர்கிட்ட நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?" என்றார் மாப்பிள்ளை.

ஆமாம். முதல் மருத்துவர் காதையும் தொண்டையையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பொடிசு அழுதாள். ஏதாவது இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டாவது மருத்துவர் குரல்நாணில் எள்ளளவு தடிப்பு இருக்கிறது, பாடுகிற பலருக்கும் இருப்பது, ஓய்வெடுத்தால் போதும் என்றார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எடுத்துவிடுங்கள் என்று நின்றாள். வேண்டாம் என்று நான் சொன்னால் எதைக் காட்டிச் சொல்வது? நல்ல அறுவை மருத்துவராக விசாரித்தேன். ஐந்து பேரிடம் விசாரித்தேன். அந்த வகையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

அறுவைசிகிச்சை அன்று காலை வழியிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் அவர். அவர் பின்சீட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் ஓட்டினேன். வாய் வரைக்கும் வந்ததும் உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. நான் சுற்றி வருவதற்குள் அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.

தழும்பு கெட்டியாகிவிட்டது. இப்போது பேசுகிற குரலே கரகரக்கிறது. மேல் சுரம் எட்டுவதில்லை. வீட்டில் அவள் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பாடிப் பார்க்கிறாள், பாதியிலேயே நிறுத்திவிடுகிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்காகத்தான் பழைய பதிவுகளைக் கேட்டிருக்கிறார். முன்பு எப்படிப் பாடினாள் என்று அவளுக்கே போட்டுக் காட்ட. டிஸ்க்கைத் தன் நண்பரிடம் எடுத்துப் போயிருக்கிறார். அவரும் ஒலிப்பதிவுக்காரர், அதே வகைப் பலகை வைத்திருக்கிறார். பாட்டை ஓட்டியதும் எட்டாவது ஃபேடர், அவள் பாடும்போதெல்லாம் மெல்ல ஏறி, அவள் நிறுத்தும்போதெல்லாம் தானாக இறங்கியிருக்கிறது. இருபத்தெட்டுப் பாட்டுகளில்.

"அது ஏன் இறங்குது?" என்றார்.

"டச் மோடுன்னு ஒண்ணு. விரலை எடுத்தா அதுவே பழைய இடத்துக்குப் போயிரும். அவ வெளிய வந்து பார்த்தா எல்லாம் பூஜ்யத்துல இருக்கும். அதுக்காக வச்சேன். ஆனா அந்த மோடுல விரல் பட்ட ஒவ்வொரு அசைவும் எழுதிக்கும்."

"அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அழிக்கல?"

சில சமயம் பிற்பகல்களில் தனியாக உட்கார்ந்து அந்தப் பாட்டுகளை ஓட்டிப் பார்ப்பேன் என்று சொன்னேன். ஆரம்பத்தில் என் விரல் தடுமாறியிருக்கும். அவள் பாடத் தொடங்கிய பிறகுதான் ஏறியிருக்கும். ஏழாம் மாதத்துப் பாட்டில், அவள் மூச்சு இழுப்பதற்கு முன்பே ஃபேடர் நகர்கிறது. அவள் எங்கே நிறுத்துவாள், எங்கே தயங்குவாள் என்பது அவளுக்குத் தெரியும் முன் எனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களால்தான் அப்படிச் சேர்ந்து வேலை செய்ய முடியும். அதை எப்படி அழிப்பது?

மாப்பிள்ளை எழுந்தார். டிஸ்க்கைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ காது கெட்டுப்போச்சுன்னு தினமும் நினைச்சுட்டிருக்கா மச்சான். அது கெடவே இல்லன்னு இன்னிக்கு அவளுக்குத் தெரியணும். நான் போய்ச் சொல்லப் போறேன்."

சொல்லவேண்டியதுதான். நான் தடுக்கவில்லை. அவருக்காக இரட்டைக் கதவில் முதல் கதவை நானே திறந்துவிட்டேன். ஆனால் எதற்கும் ஒரு முறை உண்டு. இவர் லிஃப்ட்காரர், படி, மில்லிமீட்டர் என்று சொல்லத் தெரியுமே தவிர, சுருதி சரியாக இருந்ததா என்று அவளுக்குச் சொல்ல இவரால் முடியாது. அவள் நம்பவும் மாட்டாள். அவளுக்கு நம்பிக்கை வருவது கண்ணாடி வழியாக ஒருவர் தலையசைத்தால்தான். அந்தப் பழக்கம் இன்னும் போயிருக்காது.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம். சொல்றதுக்கு முன்னாடி அவளை இங்க ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. குரல் கரகரன்னு இருந்தா இருக்கட்டும், கீழ் சுரத்துல எடுத்துக்கலாம், நான் பார்த்துக்குறேன். ஒரே ஒரு பாட்டு. கூட்டிட்டு வர்றீங்களா?"