முத்தலிபின் முகம்

பொழுது பட்டு, மஃரிபு பாங்கு சொல்லி அடங்கிய நேரம். எலுவன்குளத்திலிருந்து புத்தளத்துக்கு வருகிற ரோட்டு... ஒரு பக்கம் வயல், மறுபக்கம் காடு. யானைக்குப் பயந்து ஈ காக்கையும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாது. அதில் தனியாக மோட்டர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான் அஃப்ராஸ். நம் நஸீமின் மச்சான்தான். நஸீம் இந்தா குந்தியிருக்கிறான், பொய்யென்றால் அவனிடமே கேளுங்கள்.

அஃப்ராஸ் செய்தது நல்ல வேலைதான். சண்டைக் காலத்தில் ஊர்காவல் படையில் இருந்தவர்களின் பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் பேஸ்புக்கில் போடுவான். பெரிதாக்கி, பிரேம் போட்டு, அவரவர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பான். மறந்துபோன மனிதர்களைக் குடும்பங்கள் நினைத்துப் பார்க்கட்டும் என்பான். ஆனால் கை சும்மா இராது. உள்ளதை உள்ளபடி விடத் தெரியாத கை.

அப்படித்தான் முத்தலிபின் படம் கிடைத்தது. காவல் நின்ற இடத்தில் வெடிபட்டு மௌத்தான மனிதர். வீட்டில் அவருடைய படம் ஒன்றும் இல்லை. படம் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று அவர் மனைவி சித்தி மரியத்தின் கூடப்பிறந்த நானா எல்லாவற்றையும் எரித்துவிட்டார். மிஞ்சியது, கூட்டாளி ஒருவரிடம் இருந்த இந்த ஒரே படம். அதிலும் எடுக்கிற நேரம் முத்தலிபு தலையை ஆட்டிவிட்டார். ஈரத் துணியால் துடைத்ததுபோல இருந்தது முகம்... கண்ணுமில்லை, மூக்குமில்லை.

அஃப்ராஸ் அதைப் போனில் போட்டுத் தெளிவாக்கினான். கண் வந்தது, மூக்கு வந்தது, வடிவான தாடியும் வந்தது. முத்தலிபை அந்தப் போன் எங்கே கண்டது? அது தன் பாட்டில் யாரோ ஒருவனை வரைந்து வைத்தது.

அன்று பின்னேரம் எலுவன்குளத்து வீட்டில் சித்தி மரியம் அந்தப் பிரேமை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அவரில்லியே மகன்."

"மறந்திருப்பீங்க மாமி. எத்தின வருசம்..."

இந்த இடத்தில் எனக்கு வயிறு எரியும். சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். படம் ஒன்றும் இல்லாமல் அத்தனை வருசமும் அந்த முகத்தை மனதுக்குள்ளேயே காத்து வைத்திருந்த மனுசியிடம், மறந்துவிட்டீர்கள் என்று சொல்ல இவன் யார்?

"அந்தப் பழைய படம் எங்க?"

"அதுல மூஞ்சியே இல்லியே. வீசிட்டன் மாமி."

சித்தி மரியம் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார். கத்தவில்லை... பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"கண்ண மூடினா இப்ப இந்த மூஞ்சிதான் வருது. எங்கட மனிசனக் காணல்ல. என்னட்ட இருந்த ஒண்டையும் பறிச்சிட்டீங்க. எழும்பிப் போங்க."

போனான். போகிற வழியில் ரோட்டோரம் நிறுத்தி அந்தப் படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். குடும்பத்தாரிடம் கையளிக்கப்பட்டது என்று கீழே எழுதினான். உடனே லைக் விழுந்தது. ரோசங்கெட்டவன், சிரித்தபடி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டான்.

கொஞ்ச தூரம்தான். முன்விளக்கு வெளிச்சத்தில் ஓர் ஆள்... காக்கி உடுப்பு, தோளில் துப்பாக்கி. கையை நீட்டி மறித்தது.

யானை நிற்கிறதாக்கும் என்று நிறுத்தினான். எஞ்சின் தானாக நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது. பாலை மரத்தில் ஓர் இலை அசையவில்லை. கரிமருந்து மணம்... அதோடு, நனைந்து காயாத துணியின் புளித்த மணம்.

"ஆன நிக்கிதா நானா?"

அது எப்படிப் பதில் சொல்லும்? வாய் இல்லை. கண் இல்லை. அவன் வீசிய படத்தில் இருந்த அதே துடைத்த முகம்.

கை மட்டும் வந்தது. அஃப்ராஸின் நெற்றியைத் தடவியது. பிறகு புருவம்... மூக்கு... உதடு. கண் தெரியாதவர் தடவிப் பார்ப்பதுபோல மெதுவாக, ஆனால் அழுத்தி, கோபமாக. நகம் தாடியில் சரசரத்தது. ஷைத்தானை விரட்ட ஓதுகிற ஆயத்துல் குர்ஸியில் ஒரு சொல்லும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

எப்போது விட்டது, எப்படி வீடு வந்தான், அவனுக்கே தெரியாது. வாசலில் நின்று முகத்தைத் தொட்டுப் பார்த்தான். கண் இருந்தது, மூக்கு இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று கதவைத் தட்டினான்.

அவன் மனைவி நஸ்லியா திறந்தாள். அவனை நேராகப் பார்த்தாள். சட்டென்று முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"அவர் இன்னும் வரல்ல. எலுவன்குளம் போயிருக்காரு. நீங்க யாரு?"