பீகார்க்காரி குனிந்தபோது

செம்மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸில், பின்சீட்டு அம்மா தன் தங்கச்சியிடம், “கால்ல உழுந்து கும்புட வந்தவகிட்டருந்து காலை வெடுக்குன்னு இழுத்துட்டேன் கண்ணு,” என்றாள். நான் கண்ணை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு, காதைப் பின்னால் அனுப்பினேன்.

“எவ அவ?”

“திருப்பூர்ல எம்மவ இருக்கற லைன் ஊட்டு வரிசையில குடியிருந்த பீகார்க்காரி. மவ என்னைய ஊடு ஊடாக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினா. ஒரு ஊட்டுல ஒடிசாக்காரங்க, அடுத்ததுல நேபாளம், எதுக்கால கேரளா. இருக்கறது ஒரே தண்ணிப் பைப்பு. அத்தனை பாஷையிலயும் சண்டை!”

“அவ எதுக்குக் காலுக்கு வந்தா?”

“பெரியவங்களக் கண்டா அவங்க ஊருல அப்படித்தானாம். எங்கால்ல ஒட்டுன சேத்தைப் பாக்கறாளோன்னு நான் கூசிப்போயிட்டேன். அவ மூஞ்சி சுருங்கிப்போச்சு. பொறவுதான் மவ சொன்னா, அவ அம்மா செத்ததுக்குக்கூட அவளால ஊருக்குப் போவ முடியலியாம்.”

“அடுத்த தடவ போறப்ப ஆசீர்வாதம் பண்ணிடுக்கா.”

“எங்க போயிப் பண்றது? வேலை இல்லைன்னு ஊட்டைக் காலி பண்ணிட்டாங்களாம். எந்த ஊருக்குப் போனாங்கன்னு ஆருக்கும் தெரியல.”

கொண்டை ஊசி வளைவில் பஸ் சாய்ந்தது. அந்த அம்மாவின் பை காலடியில் விழுந்தது. தங்கச்சி எடுக்கக் குனிந்தாள். அப்போது மட்டும் நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா தங்கச்சியின் தலையில் கை வைத்திருந்தாள்.

“நல்லாரு சாமி.”

“எனக்கு எதுக்குக்கா? இது அவளுக்குச் சேர வேண்டியதாச்சே.”

“தெரியுது. நீ கொஞ்ச நேரம் அப்படியே குனிஞ்சிரு.”