டாங்கிக்கு ஆண்டெனா வைத்த விதம்

சென்னைக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய என் மாடல் ராணுவ டாங்கியைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், அந்த ஆண்டெனாவை எதில் செய்தேன் என்று. பெயிண்டைப் பற்றிக் கேட்டிருந்தால் விடிய விடியச் சொல்லியிருப்பேன். ஆண்டெனா என்றதும் தொழில் ரகசியம் என்று சிரித்து மழுப்பிவிட்டேன். அது உங்களுக்குச் செய்த மரியாதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடியில் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை. நரை விழுந்த வயதில் ஒருவன் பிளாஸ்டிக் டாங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். யாராவது என்னைத் தேடி வந்தால் என் மனைவி, "அவுக பட்டாளத்துல இருக்காக, சாப்பிடத்தான் வருவாக" என்பாள். உண்மையில் நான் என்.சி.சி. அணிவகுப்பிலேயே மயங்கி விழுந்தவன்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஆண்டெனாதான். டாங்கி நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அதில் விளக்குமாற்று ஈர்க்கை நட்டால் கட்சிக் கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறது. கிடார் கம்பியும் தடிமன். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்துப் பார்த்தேன், விரல் வெந்ததுதான் மிச்சம். நிஜ ஆண்டெனா அடியில் பருத்து, போகப் போக மெலிந்து, நுனி எங்கே என்றே தெரியாமல் முடியும். மனைவியின் தலைமுடி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அவள் பார்லரில் நுனி வெட்டிக்கொள்கிறவள், வெட்டின முடி மழுங்கித்தான் இருக்கும். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கத்தரி படாத முடிக்குத்தான் நுனி தானாக மெலிந்திருக்கும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அப்படிப்பட்ட முடி எனக்குத் தெரிந்து ஒரே தலையில் இருந்தது. என் தங்கை மகள் சௌபர்ணிகாவின் தலையில்.

தங்கை யோகலட்சுமி அமராவதிபுதூரில் இருக்கிறாள், டீச்சர். கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை அது. முதல் முடி குலதெய்வத்துக்கு என்று நேர்ந்திருந்தாள், அதுவரை கத்தரி படக்கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் மொட்டை தள்ளிக்கொண்டே போக, பிள்ளைக்கு முடி தோளைத் தாண்டிவிட்டது. நான் தாய்மாமன். மொட்டை போடும்போது பிள்ளை உட்காரவேண்டியதே என் மடியில்தான். என் மடியில் விழப்போகிற முடியில் நாலு இழை கொஞ்சம் முன்கூட்டியே விழுந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று எனக்குத் தோன்றியது.

கடைக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் போவேன். தங்கை பள்ளிக்கூடத்தில் இருப்பாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாரீஸ்வரி கொல்லையில் துணி துவைப்பாள். பிள்ளை என் மடியில் தூங்கும். காதுக்குப் பின்னால் தோலை ஒட்டி வெட்டினால்தான் நீளம் கிடைக்கும். வீட்டுக்கு வந்து பசையில் நனைத்து, கீழே ஒரு குண்டூசியைக் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் விறைத்துக்கொள்ளும். மூச்சுப் பட்டால் நுனி மட்டும் நடுங்கும். டாங்கிக்கு இரண்டே ஆண்டெனாதான். ஆனால் கை பழகும்வரை வீணாகத்தானே செய்யும், எனக்குக் கை பழக நாளானது.

ஒருநாள் தலை வாரும்போது யோகலட்சுமியின் விரலில் வெறும் தோல் தட்டுப்பட்டது. அந்த வாரம் பார்த்துப் பிள்ளைக்குக் காய்ச்சல். எங்கள் பக்கம் பிள்ளையின் முடி காணாமல் போனால் செய்வினைக்கு எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். குறி கேட்கக் கோடாங்கியை அழைத்தார்கள். அவர் உடுக்கை அடித்து, "வீட்டுக்கு வந்துபோற கைதான்" என்றார். அவருக்குக் காபி நீட்டிக்கொண்டிருந்த கை என்னுடையது. "சீனி தூக்கலா இருக்கு" என்றார் என்னிடம்.

எல்லாரும் மாரீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்க்கா" என்றாள் அவள். பிறகு என் பக்கம் வந்தாள். "அண்ணே, நீங்க வாரந்தோறும் வந்து பிள்ளைய மடியில வச்சிருந்தீக. நான் கத்தரியத் தொட்டு ஒரு நாளாச்சும் பாத்தீகளா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அக்கா நம்பிருவாக."

கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. "நான் கவனிக்கலையேம்மா" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. என் கவனமெல்லாம் பிள்ளையின் தலையில்தானே இருந்தது.

"அண்ணனே இல்லைன்னு சொல்லலையே" என்றாள் யோகலட்சுமி. அன்று மாலையே மாரீஸ்வரியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள். பிள்ளை முடியை எடுத்து விற்றவள் என்று ஊரெல்லாம் பேர் பரவியது. வேறு எந்த வீட்டிலும் அவளை வேலைக்கு வைக்கவில்லை, கைக்குழந்தைக்காரிகள் அவளைக் கண்டதும் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டார்கள். அவள் தன் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நெற்குப்பையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். காய்ச்சல் டாக்டர் கொடுத்த மாத்திரையில் இறங்கியது. அதை யாரும் பேசவில்லை.

மாப்பிள்ளை அவசரமாக வந்து சேர, மொட்டை நடந்தது. என் மடியில் முடி கொத்துக்கொத்தாக விழுந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "தாய்மாமன் பாசத்தப் பாருங்க" என்று யோகலட்சுமி எல்லாருக்கும் காட்டினாள். இனி அந்தத் தலையில் முளைக்கிற எதற்கும் நுனி இருக்காதே என்றுதான் நான் அழுதேன். எனக்கே சிரிப்பு வந்தது. வெட்கம் வந்திருக்கவேண்டும்.

பரிசு வாங்கித் திரும்பியதிலிருந்து மனசு உறுத்தியது. நான் கல் இல்லை. போன வாரம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு நெற்குப்பைக்குப் பஸ் ஏறினேன், மாரீஸ்வரியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று.

"வாங்கண்ணே" என்று பாயை விரித்தாள். "அக்கா கூப்பிட்டு விட்டாகளா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பிஸ்கட்டை மட்டும் நீட்டினேன். தன் பிள்ளையை என் மடியில் உட்காரவைத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். பிள்ளைக்கு முடி கழுத்துவரை வந்திருந்தது.

"இன்னும் மொட்டை போடலையா?" என்று கேட்டேன்.

"ஊரே இப்படிப் பேசுறப்ப எந்த முகத்தோடண்ணே கோயிலுக்குப் போக" என்றாள் உள்ளே இருந்து.

டீ நன்றாக இருந்தது. உண்மையை அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கத்தரியை எதற்கு எடுத்துப் போனான் என்று நினைக்காதீர்கள், அது எப்போதும் என் சட்டைப்பையில்தான் கிடக்கும். எப்படியும் நெற்குப்பைக்கு மறுபடி போகத்தான் வேண்டும். அன்றைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

நீங்கள் ஆசையாகக் கேட்டீர்களே என்று இதோடு இரண்டு இழை வைத்திருக்கிறேன். நுனியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.