தங்கச்சி மகளுக்கு ஒரு மூட்டை மண்

கொல்லிமலையிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மலைமேல் எடப்புளி நாட்டைச் சேர்ந்த விவசாயப் பெண்ணின் காலடியில் ஒரு மூட்டை. மற்றவர் மலைக்கோயிலுக்கு வந்துவிட்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்குத் திரும்புகிறவர். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“மூட்டையில மரவள்ளிக் கெழங்குங்களா?”

“இல்லீங்க, மண்ணுங்க. சேலத்துல தங்கச்சி மகளுக்கு.”

“ஏனுங்க, சேலத்துல மண்ணு இல்லீங்களா?”

“இருக்குதுங்க. அதுதான் புள்ளைக்கு ஆகலை. வயித்து வலின்னு அழுதுட்டே இருந்தா. ரத்தத்துல ஈயம் ஏறியிருக்குதுன்னு டாக்டர் சொன்னாருங்க. தங்கச்சி குடியிருக்கிற எடத்துல முந்தி பழைய பேட்டரி உடைச்சு ஈயம் உருக்குனாங்களாம். யாருமே சொல்லலீங்க.”

“ஊட்டை மாத்தச் சொல்லுங்க.”

“தேடிட்டுத்தான் இருக்காங்க. அதுவரைக்கும் தொட்டியில இந்த மண்ணைப் போட்டு வெளையாட விடலாம்னு கொண்டுபோறேன்.” அவர் மூட்டைக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். “அங்க போயிருந்தப்போ தங்கச்சி ஊட்டுக் கொல்லையில, அந்த மண்ணுல கீரை போட்டது நானுங்க. கடைஞ்சு ஊட்டிவிட்டதும் நானுங்க. நல்லதுன்னுதான் கொடுத்தேன்.”

மலை வளைவுகள் முடிந்து பஸ் கீழே வந்தது. காளப்பநாயக்கன்பட்டி என்று கண்டக்டர் கூப்பிட்டதும் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். ஆனால் இறங்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்த ரத்தப் பரிசோதனை எங்கீங்க எடுத்தாங்க? எங்க ஊட்டுக்குப் பின்னால பழைய பேட்டரி உடைக்கிற கடை இருக்குதுங்க. எம்புள்ள நாள் முழுக்க அங்கதான் மண்ணுல வெளையாடுறா.”